லினக்ஸில் விளையாடுகிறவர் விளையாட்டு நிறுவனத்திடம் நியாயம் கேட்கும் முறை

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாத பழைய மடிக்கணினிகள் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. உவர்மலையிலும் உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் எனக்குத் தெரிந்தவர்களின் கணினிகள் சிலவற்றை நானே, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். எழுத்து வேலை, படிப்பு, படம் பார்த்தல் ஆகியவற்றில் எவரும் குறை சொல்லவில்லை. குறை வந்ததெல்லாம் விளையாட்டில்தான். என் அக்காவின் மகன் ஒருநாள் மாலை கணினியோடு வந்து நின்று, "மாமா, முந்தநாள் வரைக்கும் ஓடின கேம் இண்டைக்கு உள்ளுக்கே விடுதில்லை. காசு குடுத்து வாங்கினதுதானே, இது நியாயமோ?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஆனால் நியாயம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்டறியவும், நம் பக்கம் நின்றால் அதைக் கேட்டு வாங்கவும் ஒரு முறை இருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸுக்கென்று விளையாட்டு செய்து தர எந்த நிறுவனமும் கடமைப்பட்டதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். கடை போடுகிறவர் எந்தச் சாமானை விற்பது என்பது அவருடைய விருப்பம். ஆனால் விற்ற சாமானைப் பற்றி அவர் சொன்ன சொல்லும், விற்றுக் காசு வாங்கிய பின்னர் அந்தச் சாமானில் அவர் கைவைப்பதும் அவருடைய விருப்பத்துக்கு மட்டும் விட்டவை அல்ல. லினக்ஸில் விளையாடுகிறவர்கள் எழுதும் முறைப்பாடுகளிற் பல எடுபடாமற் போவதற்கு, இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதுவதே காரணம் என்பது என் கருத்து.

முறைப்பாட்டுக்கு முன்னர், பிழை உங்கள் கணினியில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த விடயத்தில் நானே ஒருமுறை வெட்கப்பட நேர்ந்தது. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருந்த காலத்தில், இணையம் வழியே பிறரோடு ஆடும் நிகழ்நிலை விளையாட்டொன்று என்னை உள்ளே விட மறுத்தது. லினக்ஸ்காரர்களை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று முடிவுகட்டி, காரசாரமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். பிறகுதான் திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைக் கண்டேன். மாலை ஆறு மணிக்கு அது இரவு பதினொன்றரை என்று காட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ், கணினியின் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும்; லினக்ஸோ அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, இலங்கைக்குரிய ஐந்தரை மணித்தியாலத்தை அதன்மேற் கூட்டும். நேரம் பிசகிய கணினியின் உள்நுழைவை விளையாட்டின் சேவையகம் ஏற்கவில்லை, அவ்வளவுதான். நேரத்தைச் சரிசெய்ததும் விளையாட்டு திறந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதுவது மட்டும் மிச்சமாக இருந்தது.

ஆகவே கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸ் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் வட்டுப் பகுதியிலேயே விளையாட்டை விட்டுவைத்து லினக்ஸிலிருந்து அதை இயக்க முயல்வதும் அடிக்கடி நிகழும் தவறு. விளையாட்டை லினக்ஸுக்குரிய பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் விளையாட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டன் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், அதன் வேறொரு பதிப்பில் ஓடவிட்டுப் பாருங்கள். வரைகலை இயக்கியைப் புதுப்பியுங்கள். இவற்றுக்குப் பிறகு புரோட்டன்டிபி தளத்துக்குச் சென்று, அதே விளையாட்டைப் பற்றி அண்மைய நாட்களில் மற்றவர்கள் எழுதிய குறிப்புகளைத் தேடுங்கள். ஒரே நாளில் பல நாடுகளில் பலருக்கு நின்றுபோயிருந்தால், பிழை உங்கள் வீட்டில் இல்லை.

இனி, உங்கள் கோரிக்கை எவ்வளவு வலுவுடையது என்பதைப் பார்க்க வேண்டும். கடைப் பக்கத்தில் லினக்ஸுக்கான குறியீடும், லினக்ஸுக்கான கணினித் தேவைகளும் போடப்பட்டு, நீங்கள் அதைப் பார்த்து வாங்கியிருந்தால், உங்கள் வழக்கு மிக வலுவானது. அது நிறுவனமே எழுத்தில் கொடுத்த வாக்கு. பின்னர் லினக்ஸ் பதிப்பைக் கைவிடுவதாயின் முன்னறிவித்தலும் மீளளிப்பும் தருவதே முறை; இது வெறும் ஆசை அன்று, இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ராக்கெட் லீக் விளையாட்டை உருவாக்கிய சயோனிக்ஸ் நிறுவனத்தை 2019இல் எபிக் வாங்கியது. 2020 மார்ச் மாதத்தோடு லினக்ஸ், மாக் பதிப்புகளின் நிகழ்நிலை ஆட்டம் நிறுத்தப்பட்டபோது, அவ்விரு தளங்களிலும் விளையாடியவர்கள் மொத்தத்தில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்று நிறுவனம் கூறியது. அவ்வாறு கூறிய அதே நிறுவனம், அந்தத் தளங்களில் விளையாடியவர்களுக்கு, வாங்கி எவ்வளவு காலம் கடந்திருந்தாலும், பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. ரஸ்ட் விளையாட்டின் லினக்ஸ் பதிப்பை 2019இல் கைவிட்டபோது ஃபேஸ்பஞ்ச் நிறுவனமும் மீளளிப்பு வழங்கியது. ஆட்கள் குறைவு என்பது பதிப்பை நிறுத்துவதற்குக் காரணமாகலாம். காசைத் திருப்பித் தராமல் இருப்பதற்குக் காரணமாகாது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் காட்டியே நீங்கள் வாதிடலாம்.

விண்டோஸுக்கு மட்டும் என்று விற்கப்பட்ட விளையாட்டை நீங்கள் புரோட்டன் வழியாக ஓடவிட்டிருந்தால் வழக்கு பாதிதான் நிற்கும். புரோட்டன் என்பது 2018 ஆகஸ்ட்டில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள். 1993இலிருந்து வளர்ந்துவரும் வைன் என்ற திட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, விண்டோஸ் விளையாட்டின் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. லினக்ஸில் இயங்கும் வால்வின் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக்குக்கு ஏற்றது என்ற பச்சை அடையாளமும் வால்வ் சோதித்து வழங்குவதேயன்றி, விளையாட்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த வாக்கன்று. ஆனால் ஸ்டீம் டெக்கில் ஓடும் என்று நிறுவனமே தன் விளம்பரத்திலோ அறிவிப்பிலோ சொல்லியிருந்தால், நிலைமை மாறிவிடும். அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்ற பேச்சே எங்கும் இல்லாத விளையாட்டு எனின், உங்களிடம் இருப்பது வேண்டுகோள் மட்டுமே.

மருமகனின் விளையாட்டு முதல் வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் குறியீட்டோடு விற்ற அதைப் பின்னர் வந்த ஓர் அப்டேட் முடக்கிவிட்டது. கூட வந்தது, ஆட்டத்தில் ஏமாற்றி வெல்கிறவர்களைத் தடுக்கும் புதியதோர் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். இன்றைக்கு லினக்ஸ் விளையாட்டாளரின் மனக்குறைகளுள் பெரும்பகுதி இந்த இடத்திலேயே முளைப்பதால், அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விண்டோஸில் இத்தகைய மென்பொருள்களுட் சில, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் வரை இறங்கி, மற்ற மென்பொருள்கள் என்ன செய்கின்றன என்று கண்காணிக்கின்றன. லினக்ஸில் கெர்னலையே எவரும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஆகவே அங்கே கண்காணிப்பவனையே ஏமாற்றுவது எளிது என்பது நிறுவனங்களின் வாதம். 2024 அக்டோபர் 31இல் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் விளையாட்டிலிருந்து ஸ்டீம் டெக் உட்பட லினக்ஸ் முழுவதும் விலக்கப்பட்டபோது, உண்மையான ஸ்டீம் டெக்கையும் அவ்வாறு வேடமிட்டு வரும் ஏமாற்று மென்பொருளையும் பிரித்தறிய நம்பகமான வழியில்லை என்று கூறப்பட்டது. இந்த வாதத்தில் உண்மை உண்டு. அதை மறுத்து எழுதுகிறவரின் கடிதத்தைத் தொழில்நுட்பம் தெரிந்தவர் எவரும் இரண்டாவது பத்திக்கு மேல் வாசிக்கமாட்டார். ஆனால் ஒன்று: பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் நம் வீதிகளில் குறுக்கே வருகின்றன என்பதற்காக எவரும் வீதியை மூடுவதில்லை, வேகத்தைக் குறைக்கிறார்கள். தரவரிசைப் போட்டிகளிலிருந்து மட்டும் விலக்கி, நண்பர்களோடு விளையாடும் ஆட்டத்தையும் தனியாட்டத்தையும் விட்டுவைக்க நிறுவனத்துக்கு வழி இருந்ததா என்று கேட்பது நியாயமான கேள்வி.

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றும் உண்டு. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்-ஐ ஆகிய இரு தடுப்பு மென்பொருள்களும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டனுக்கு ஆதரவு அறிவித்துவிட்டன; ஆயினும் விளையாட்டை உருவாக்கியவர் தாமே விரும்பி அதை இயக்கிவைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்-ஐ சேர்க்கப்பட்டபோது அந்த ஆதரவு இயக்கப்படாததால், கதையாட்டம் லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்க, நிகழ்நிலை ஆட்டம் நின்றது. ஆகவே உங்கள் விளையாட்டில் எந்தத் தடுப்பு மென்பொருள் இருக்கிறது என்று முதலில் கண்டறியுங்கள். அது இவ்விரண்டுள் ஒன்றாயின், "லினக்ஸை ஏன் வெறுக்கிறீர்கள்?" என்று கேட்காமல், "உங்கள் தடுப்பு மென்பொருள் ஏற்கெனவே தரும் புரோட்டன் ஆதரவை இயக்காதிருப்பதற்குக் காரணம் என்ன?" என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு ஆயத்தமாக வைத்திருக்கும் பதில் ஒன்றை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவதை உதவிப் பிரிவில் இருப்பவர் உள்ளே இருக்கும் வேறொருவரிடம் கேட்டாக வேண்டும்.

சான்றுகளைச் சேர்ப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் கடிதத்தின் பாதி வலு அதில்தான் இருக்கிறது. கொள்வனவின்போது மின்னஞ்சலில் வந்த பற்றுச்சீட்டைத் தேடியெடுங்கள். வாங்கிய நாளில் கடைப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு, இணையப் பக்கங்களின் பழைய நிலையைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பெரும்பாலும் சான்று கிடைக்கும். மருமகனுக்கு, வாங்கிய மாதத்திலேயே பதிவான பக்கம் ஒன்று கிடைத்தது, விலைக்கு அருகில் லினக்ஸ் குறியீடு தெளிவாகத் தெரிந்தது. ஸ்டீமின் உதவிப் பட்டியலில் உள்ள கணினித் தகவலை அப்படியே படியெடுங்கள். புரோட்டனில் ஓடும் விளையாட்டாயின் தொடக்க விருப்பத்தில் புரோட்டன் பதிவை இயக்கிவிட்டு ஒருமுறை ஓடவிட்டால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் விளையாட்டின் எண்ணோடு ஒரு பதிவுக் கோப்பு வந்து விழும், அதையும் இணையுங்கள். கடைசியாக ஓடிய திகதி, நின்ற திகதி, இடையில் வந்த அப்டேட்டின் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. உதவிப் பிரிவுகள் பொதுவாக ஆங்கிலத்தில் இயங்குவதால் எளிய ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது; ஆனால் முதலில் தமிழில் எழுதி ஒழுங்குபடுத்திக்கொண்டால் கோபம் வடிந்துவிடும். மருமகனும் நானும் எழுதிய கடிதத்தின் சாரம் இது:

"2023 ஜூலை மாதம் உங்கள் விளையாட்டை வாங்கினேன். அன்று கடைப் பக்கத்தில் லினக்ஸ் குறியீடும் லினக்ஸுக்கான கணினித் தேவைகளும் இருந்தன. அவற்றை நம்பியே வாங்கினேன். பற்றுச்சீட்டும் பக்கத்தின் படமும் இணைத்துள்ளேன். இவ்வாண்டு வந்த அப்டேட்டின் பின்னர் விளையாட்டு தொடங்குவதில்லை. கோப்புகளைச் சரிபார்த்தேன், கணினியின் நேரத்தையும் இயக்கியையும் சரிபார்த்தேன். அப்டேட்டுக்கு முதல்நாள் வரை அது இதே கணினியில் ஓடியது. ஏமாற்றுதலைத் தடுக்க வேண்டிய தேவையை நான் மறுக்கவில்லை. லினக்ஸ் பதிப்பை மீண்டும் தருவீர்களா என்று அறியத் தாருங்கள். தருவதில்லை என்றால், கடைசியாக ஓடிய பதிப்பைத் தனியாட்டத்துக்காகவேனும் தனிக் கிளையாக விட்டுவையுங்கள். அதுவும் இயலாதெனின் முழுத்தொகையையும் மீளளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

பழைய பதிப்பைத் தனிக் கிளையாக விட்டுவைக்கும் வசதி ஸ்டீமிலேயே இருப்பதால், அந்தக் கோரிக்கை நிறுவனத்துக்குப் பெருஞ்செலவு வைக்காது. ராக்கெட் லீக்கின் லினக்ஸ் பதிப்பும் நிகழ்நிலை நின்ற பிறகு ஒரே கணினியில் விளையாடுவதற்காக விட்டுவைக்கப்பட்டது. ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று என்று படிப்படியாகக் கேட்பதன் நன்மை, பதில் எழுதுகிறவருக்கு ஆம் என்று சொல்ல ஏதாவது ஓரிடம் கிடைப்பதுதான்.

பணத்தைப் பொறுத்தவரை, ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள்ளும் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியும் இருந்தால் காரணமே சொல்லாமல் மீளளிப்புப் பெறலாம். ஜிஓஜி கடையில் 30 நாள் அவகாசம் உண்டு. காலம் கடந்துவிட்டாலும் கேட்பதற்குத் தடையில்லை. கடைக்கும் விளையாட்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார் என்பதை எதிர்பார்த்தே எழுதுங்கள். வெளிநாட்டு நிறுவனத்தை நம் போன்றவர்கள் என்ன செய்துவிட முடியும் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி: மீளளிப்பு உரிமை பற்றி வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியதற்காக அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2016இல் வால்வ் நிறுவனத்துக்கு 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அது அந்த நாட்டுச் சட்டத்தின் பலம். நமக்கு அது நேரடியாக உதவாது. என்றாலும், கடல் கடந்து விற்கிறவருக்கு வாங்குகிறவரின் நாட்டுச் சட்டம் பொருந்தாது என்ற பேச்சு எடுபடவில்லை என்பதை அது காட்டுகிறது.

வங்கியிடம் சொல்லி அட்டைக் கொடுப்பனவைத் திருப்பி இழுக்கும் யோசனையை மட்டும் கடைசி வரை ஒத்திவையுங்கள். அவ்வாறு செய்தால் ஸ்டீம் உங்கள் கணக்கை முடக்கக்கூடும். ஒரு விளையாட்டின் காசுக்காக நூலகம் முழுவதையும் இழக்க நேரிடும். அட்டை அப்பாவினுடையதோ அண்ணனுடையதோ ஆயின், வீட்டிலும் ஒரு வழக்கு எழும்.

உள்ளூர்க் கடையில் வாங்கியதாயின் கதை வேறு. "இது லினக்ஸிலும் ஓடும்" என்று சொல்லி கணினியையோ விளையாட்டையோ ஒருவர் விற்றிருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். தகவல்களுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பற்றுச்சீட்டில் மாதிரி எண்ணையும் கடைக்காரர் சொன்ன வாக்கையும் எழுதி வாங்கிக்கொள்வது எப்போதும் நல்லது. நம்மூரில் இதைக் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

செய்யக்கூடாதவை இரண்டு உண்டு. தடையைச் சுற்றிச்செல்லும் குறுக்குவழிகளை முயலாதீர்கள். டெஸ்டினி 2 விளையாட்டில் அவ்வாறு முயல்கிறவர்களுக்குத் தடை விதிக்கப்படும் என்று பங்கி நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. தடை விழுந்தபின் நீங்கள் நியாயம் கேட்கும் வாடிக்கையாளர் அல்லர், விதியை மீறியவர். எதுவும் செய்யாமலே, லினக்ஸில் விளையாடியதால் மட்டும் தடை விழுந்ததாகக் கருதினால், தானியங்கிப் பதிலோடு விட்டுவிடாமல் ஆள் ஒருவர் மீளப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 2012இல் டயாப்லோ 3 பற்றி இத்தகைய முறைப்பாடுகள் எழுந்தபோது, லினக்ஸில் விளையாடியதற்காக மட்டும் எவரையும் தடை செய்யவில்லை என்று பிளிசார்ட் பதிலளித்தது. அந்தப் பதிலின் பொருள், லினக்ஸ் குற்றமன்று என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது என்பதாகும்.

மற்றது, வசை. கடைப் பக்கத்தின் மதிப்புரையில் திட்டித் தீர்ப்பதால் மனம் ஆறலாம், விளையாட்டு ஓடாது. சிறிய நிறுவனங்களிடம் இது இன்னும் தீமை செய்யும், ஏனெனில் அங்கே அதை வாசிப்பவர் விளையாட்டை எழுதியவரே. அவரிடம் உங்கள் மதிப்பை உயர்த்தும் வழி வேறு. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விளையாட்டை உருவாக்கியவர் 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டார். அவருடைய விற்பனையில் லினக்ஸ் விளையாட்டாளரின் பங்கு 5.8 சதவீதம், ஆனால் வந்த பிழை அறிக்கைகளில் 38 சதவீதம் அவர்களுடையவை. லினக்ஸால் வேலை கூடுகிறது என்று இதை வாசிக்கத் தோன்றும். உண்மையில், அவர்கள் அறிவித்த சுமார் 400 பிழைகளில் லினக்ஸில் மட்டும் இருந்தவை மூன்றே. மற்றவை எல்லாத் தளங்களிலும் இருந்த பிழைகள், அவற்றைக் கண்டுபிடித்து ஒழுங்காக எழுதியவர்கள் லினக்ஸ்காரர்கள். வேண்டுகோள் மட்டுமே உங்களிடம் இருக்கிறது என்றால், அதோடு இப்படியோர் ஒழுங்கான பிழை அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது இந்த அலைச்சலைக் குறைத்துக்கொள்ளலாம். கெர்னல் வரை இறங்கும் தடுப்பு மென்பொருள் இருந்தால் கடைப் பக்கத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று ஸ்டீம் 2024 அக்டோபரிலிருந்து கேட்கிறது. அந்த வரியை வாசித்த பிறகே காசு கொடுங்கள். வாங்கிய அன்றே கடைப் பக்கத்தைப் படம்பிடித்து வையுங்கள். இரண்டு மணித்தியால அவகாசத்தின் முதல் அரை மணித்தியாலத்தை, நிகழ்நிலை ஆட்டத்தில் நுழைய முடிகிறதா என்று பார்ப்பதற்கே செலவிடுங்கள். தனியாட்டத்தை ரசித்துக்கொண்டிருந்து நேரத்தைக் கடத்திவிட்டு, பிறகு நிகழ்நிலையில் கதவு அடைபட்டிருப்பதைக் கண்டு வருந்தியவர்கள் எனக்குத் தெரிந்து இருவர்.

மருமகனின் கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. லினக்ஸ் பதிப்பு திரும்பாது, முழுத்தொகையும் ஸ்டீம் பணப்பையில் வரவு வைக்கப்படும் என்று இரண்டே வரி. பணம் வந்து சேர்ந்தது; அவன் அதே இரவு வேறொரு விளையாட்டை வாங்கிவிட்டான், கடைப் பக்கத்தின் படத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டு. பழைய பதிப்பைத் தனியாட்டத்துக்கு ஏன் விட்டுவைக்க முடியாது என்று கேட்டு நாங்கள் எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.